ஜாவா மெய்நிகர் இயந்திரம், பொது மொழி இயக்கச்சூழல் ஒப்பீடு

ஜேவிஎம் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஜாவா மெய்நிகர் இயந்திரமும், சிஎல்ஆர் எனப்படும் பொது மொழி இயக்கச்சூழலும், இடைநிலைக் கட்டளைகளாகத் தொகுக்கப்பட்ட நிரல்களைப் பல்வகைக் கணினிகளில் இயக்கும் இரு மென்பொருள் சூழல்கள் ஆகும். இவ்விடைநிலைக் கட்டளைகள் எந்தவொரு குறிப்பிட்ட செயலிக்கும் உரியவை அல்ல. முன்னையதை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் வெளியிட்டது. பின்னையது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாட் நெட் கட்டமைப்பின் மையப் பகுதியாக 2002 இல் வெளிவந்தது.

மேலோட்டமாகப் பார்ப்பின் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். இரண்டும் அடுக்கு முறையில் இயங்குகின்றன. இரண்டிலும் குப்பை சேகரிப்பு உண்டு. இரண்டும் இயங்கும் நேரத்திலேயே கட்டளைகளை இயந்திர மொழிக்கு மாற்றுகின்றன. எனினும், இடைநிலைக் கோப்பில் எவற்றை எழுதிவைப்பது, எவற்றை விட்டுவிடுவது என்பதில் இரண்டும் வெவ்வேறு முடிவுகளை எடுத்தன. உலகெங்கும் பரவிவிட்ட ஒரு கோப்பு வடிவத்தைப் பின்னர் மாற்றுவது மிகக் கடினம் ஆதலால், அம்முடிவுகளின் விளைவுகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கின்றன.

இடைநிலைக் கட்டளையின் தேவை

ஐந்து நிரல்மொழிகளும் நான்கு வகைச் செயலிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மொழியையும் ஒவ்வொரு செயலிக்கும் நேரடியாக மாற்றுவதெனில் 20 தொகுப்பிகள் எழுதப்பட வேண்டும். இடையில் ஒரு பொது வடிவம் வைக்கப்பட்டால், மொழிகளிலிருந்து அவ்வடிவத்திற்கு 5, அவ்வடிவத்திலிருந்து செயலிகளுக்கு 4 என 9 மாற்றிகள் போதுமானவை. இக்கருத்து ஜாவாவுடன் தோன்றியதன்று. 1960களில் பிசிபிஎல் மொழிக்கு ஓ-கோடு என்ற இடைநிலை வடிவம் இருந்தது. 1970களில் பாஸ்கல் மொழிக்கான பி-கோடு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினரால் பல சிறுகணினிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஸ்மால்டாக் மொழியும் இவ்வாறே இயங்கியது.

இக்கணக்கில் ஜாவா முதன்மையாகக் கருதியது செயலிகளின் பக்கத்தை. டாட் நெட் முதன்மையாகக் கருதியது மொழிகளின் பக்கத்தை. ஒரு மொழி, பல கணினிகள் என்பது முன்னதன் நோக்கம். பல மொழிகள், ஒரே இயக்கச்சூழல் என்பது பின்னதன் நோக்கம். கீழே விளக்கப்படும் வேறுபாடுகளுட் பல இதிலிருந்தே பிறந்தவை.

வரலாறு

சன் நிறுவனத்தில் 1991 இல், வீட்டு மின்னணுக் கருவிகளுக்கான மென்பொருளை உருவாக்கும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. அதில் பங்கேற்ற ஜேம்ஸ் காஸ்லிங், ஓக் என்ற மொழியை வடிவமைத்தார். கருவிக்குக் கருவி செயலி மாறுபடும் என்பதால் இடைநிலைக் கட்டளை முறை தெரிவு செய்யப்பட்டது. அம்மொழி ஜாவா எனப் பெயர் மாற்றப்பட்டு 1995 இல் அறிவிக்கப்பட்டது. முதற் பதிப்பு 1996 சனவரியில் வெளிவந்தது. மின்னணுக் கருவிகளுக்கு மாறாக, அப்போது பரவிவந்த இணைய உலாவிகளே அதன் முதற் களமாயின.

மைக்ரோசாப்டும் ஜாவாவுக்கு உரிமம் பெற்றுத் தனது மெய்நிகர் இயந்திரத்தை வெளியிட்டது. அது உடன்பாட்டுக்கு முரணாக ஜாவாவை மாற்றியமைப்பதாகக் கூறி சன் நிறுவனம் 1997 இல் வழக்குத் தொடுத்தது. 2001 சனவரியில் மைக்ரோசாப்ட் 2 கோடி அமெரிக்க டாலர் செலுத்த உடன்பட்டு வழக்கு முடிவுற்றது. இதற்கிடையே, 2000 இல் டாட் நெட் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் உருவான சி சார்ப் மொழி அதனுடன் வந்தது.

பல தளங்களில் இயங்குதல் என்ற கூற்றை இரு சூழல்களும் வெவ்வேறு வகையில் நிறைவேற்றின என்பது கவனிக்கத்தக்கது. ஜாவா தொடக்கம் முதலே விண்டோஸ், சொலாரிஸ் போன்ற பல இயங்குதளங்களில் இயங்கியது. ஆனால் அதன் மூலநிரல் 2006, 2007 ஆண்டுகளிலேயே கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. சிஎல்ஆரின் அடிப்படை விவரக்குறிப்பு 2001 இலேயே ஈசிஎம்ஏ-335 எனும் திறந்த செந்தரமாகியது. ஆனால் மைக்ரோசாப்டின் முழுமையான வடிவம் நெடுங்காலம் விண்டோசில் மட்டுமே இயங்கியது. அச்செந்தரத்தை அடிப்படையாகக் கொண்டு லினக்சுக்கு இயக்கச்சூழல் அமைத்தது மிகுவல் டி இகாசா தொடங்கிய மோனோ திட்டம் ஆகும். அதன் முதற் பதிப்பு 2004 இல் வெளிவந்தது. லினக்சிலும் மேக்கிலும் இயங்கும் டாட் நெட் கோர் என்ற திறந்த மூல வடிவத்தை மைக்ரோசாப்ட் 2016 இல் வெளியிட்டது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010 இல் வாங்கியது.

கட்டளைகளின் அமைப்பு

ஜேவிஎம்மின் கட்டளை வடிவம் பைட்கோடு எனப்படும். சிஎல்ஆரின் வடிவம் பொது இடைநிலை மொழி எனப்படும். இரண்டு எண்களைக் கூட்டும் முறை இரண்டிலும் ஒன்றே: முதல் எண் அடுக்கின் மேல் வைக்கப்படும்; இரண்டாம் எண் அதன்மேல் வைக்கப்படும்; கூட்டற் கட்டளை இவ்விரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை மீண்டும் அடுக்கின் மேல் வைக்கும். இங்கு பதிவகங்களைப் பற்றிய பேச்சே இல்லை. ஒவ்வொரு செயலியிலும் பதிவகங்களின் எண்ணிக்கை வேறுபடுவதால், அடுக்கு முறை எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைகிறது.

வேறுபாடு கூட்டற் கட்டளையில் தொடங்குகிறது. ஜேவிஎம்மில் 32 பிட் முழு எண், 64 பிட் முழு எண், இருவகைப் பதின்ம எண்கள் ஆகியவற்றுக்கு ஐஆட், எல்ஆட், எஃப்ஆட், டிஆட் என நான்கு தனித்தனிக் கூட்டற் கட்டளைகள் உள்ளன. பொது இடைநிலை மொழியில் இவை அனைத்துக்கும் ஆட் என்ற ஒரே கட்டளைதான். எந்த வகை எண்கள் கூட்டப்படுகின்றன என்பதை அடுக்கின் நிலையிலிருந்து இயக்கச்சூழலே உய்த்தறிய வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. முதல் ஜாவா இயந்திரம் ஒரு வரிமொழிமாற்றி ஆகும். அதாவது, கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து அப்போதைக்கப்போது நிறைவேற்றியது. கட்டளையின் பெயரிலேயே தரவினம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதைச் சோதிக்க வேண்டியதில்லை. டாட் நெட் வடிவமைக்கப்பட்ட காலத்திலோ உடனடித் தொகுப்பு முறை நன்கு வளர்ந்துவிட்டது. இடைநிலை மொழி எப்போதும் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட பின்னரே இயங்கும் என்ற எண்ணத்துடனேயே அது அமைக்கப்பட்டது. தொகுப்பி தரவினங்களை எப்படியும் கணக்கிடும் ஆதலின், அவற்றைக் கட்டளையில் மீண்டும் எழுதுவது வீண்.

ஜாவாவின் தொடக்ககால முடிவுகளுட் சில இன்றளவும் நிரலாளருக்கு இடையூறாக உள்ளன. ஒரு செயற்கூற்றின் பைட்கோடு 65,535 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. மனிதர் கையால் எழுதும் நிரலுக்கு இது தாராளமே. ஆனால் மென்பொருளே எழுதும் நிரல்கள், எடுத்துக்காட்டாகப் பெரிய வலைப்பக்கங்களிலிருந்து தானாக உருவாக்கப்படுபவை, இவ்வெல்லையை அவ்வப்போது முட்டுகின்றன. 64 பிட் எண்கள் அடுக்கில் இரண்டு இடங்களைப் பிடிப்பதும் 32 பிட் காலத்தின் எச்சமே. ஜாவா வகுப்புக் கோப்பு ஒவ்வொன்றின் முதல் நான்கு பைட்டுகளும் பதினறும எண்முறையில் கஃபேபேப் என வாசிக்கத்தக்கவை என்பது நிரலாளரின் குறும்புக்குச் சான்று.

சரிபார்ப்பும் பாதுகாப்பும்

இணையத்திலிருந்து வரும் அறியாத நிரலை உலாவிக்குள் இயக்குவது ஜாவாவின் தொடக்ககால நோக்கம் என்பதால், இயக்குவதற்கு முன் பைட்கோடைச் சரிபார்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. எண்ணை நினைவக முகவரியாகப் பயன்படுத்துதல், அடுக்கில் இல்லாததை எடுத்தல் போன்றவை அங்கேயே தடுக்கப்படும். பொது இடைநிலை மொழியோ சரிபார்க்கத்தக்க பகுதி, சரிபார்க்க இயலாத பகுதி என இரண்டையும் கொண்டது. நினைவகச் சுட்டிகளை நேரடியாகக் கையாளும் கட்டளைகள் அதில் உண்டு. சி++ மொழியையும் அதில் தொகுக்க முடிந்தது இதனாலேயே.

நம்பகமற்ற நிரலை ஒரு வேலிக்குள் வைத்து இயக்கும் திட்டத்தை இரண்டும் பின்னர் கைவிட்டன. டாட் நெட் கோரில் அதற்கான அனுமதி அமைப்பு சேர்க்கப்படவில்லை. ஜாவாவின் பாதுகாப்பு மேலாளர் எனும் அமைப்பு 2025 இல் வெளிவந்த 24 ஆம் பதிப்பில் நிரந்தரமாக முடக்கப்பட்டது. பைட்கோடு சரிபார்ப்பு மட்டும் தொடர்கிறது.

பொதுமை இனங்கள்

இரு சூழல்களின் வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இதுவே. சொற்களின் பட்டியல், எண்களின் பட்டியல் என வெவ்வேறு தரவினங்களுக்கு ஒரே நிரலைப் பயன்படுத்தும் வசதி பொதுமை இனம் அல்லது ஜெனரிக்ஸ் எனப்படும். இரு சூழல்களின் முதற் பதிப்புகளிலும் இது இல்லை. ஜாவாவில் 2004 இல் வெளிவந்த 5 ஆம் பதிப்பிலும், டாட் நெட்டில் 2005 இல் வெளிவந்த 2.0 பதிப்பிலும் சேர்க்கப்பட்டது. ஓராண்டு இடைவெளியில் ஒரே சிக்கலுக்கு இருவரும் நேர் எதிரான தீர்வுகளைத் தெரிவு செய்தனர்.

ஜாவாவின் தீர்வு, மார்ட்டின் ஓடர்ஸ்கி, பிலிப் வாட்லர், கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டவுட்டமைர் ஆகியோர் 1998 இல் முன்வைத்த ஜிஜே என்ற மொழி வடிவமைப்பிலிருந்து வந்தது. இதில் தொகுப்பி தரவினங்களைச் சோதித்து முடித்தபின், கட்டளைகளிலிருந்து அவற்றை நீக்கிவிடும். இயங்கும் நேரத்தில் சொற்களின் பட்டியலும் எண்களின் பட்டியலும் ஒரே வகுப்பாகவே தோன்றும். இது தரவின நீக்கம் எனப்படும். மெய்நிகர் இயந்திரத்தின் கட்டளைத் தொகுதி மாறவில்லை. பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே பட்டியலைத் தமக்குள் தடையின்றிப் பரிமாறிக்கொள்ள முடிந்தது. தரவின விவரம் முற்றிலும் அழிக்கப்படுவதாகப் பலரும் எழுதுவது சரியன்று. வகுப்பு எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்ற குறிப்பு கோப்பில் ஓரமாக எழுதிவைக்கப்படுகிறது. உருவாக்கப்பட்ட பட்டியற் பொருளுக்குத்தான் தனது உறுப்புகளின் இனம் தெரியாது.

டாட் நெட்டின் தீர்வை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த டான் சைம், ஆண்ட்ரூ கென்னடி ஆகியோர் வடிவமைத்து 2001 இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். இதில் இடைநிலை மொழியும் இயக்கச்சூழலும் மாற்றியமைக்கப்பட்டன. சொற்களின் பட்டியல் வேறு, எண்களின் பட்டியல் வேறு என்பது இயங்கும் நேரத்திலும் அறியப்படும். சுட்டு இனங்கள் அனைத்துக்கும் ஒரே இயந்திர நிரல் பகிரப்படும்; முழு எண் போன்ற மதிப்பு இனம் ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திர நிரல் ஆக்கப்படும்.

நினைவகச் செலவில் இதன் விளைவைக் காணலாம். ஜாவாவின் பொதுமைப் பட்டியல் பொருள்களை மட்டுமே ஏற்கும் என்பதால், ஒவ்வொரு முழு எண்ணும் ஒரு பொருளுக்குள் பொதியப்பட வேண்டும். வழக்கமான 64 பிட் ஹாட்ஸ்பாட் இயந்திரத்தில் அப்பொருள் 16 பைட்டுகளும் அதற்கான சுட்டு 4 பைட்டுகளும் கொள்ளும். வெவ்வேறான பத்து இலட்சம் எண்கள் கொண்ட பட்டியலுக்கு ஏறத்தாழ 2 கோடி பைட்டுகள் தேவை. சிஎல்ஆரில் எண்கள் நேரடியாக வரிசையில் அமர்வதால் 40 இலட்சம் பைட்டுகள் போதும். ஜாவாவில் வெற்று வரிசைகளைப் பயன்படுத்தி இச்செலவைத் தவிர்க்கலாம். ஆனால் பட்டியலின் வசதிகள் அப்போது கிட்டா.

இதனைக் கொண்டு டாட் நெட்டின் தீர்வே சிறந்தது எனக் கூறிவிடுவது வழக்கம். அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் கருத வேண்டும். பழைய பட்டியல் வகுப்புகளும் புதிய பொதுமைப் பட்டியல் வகுப்புகளும் ஒன்றுக்கொன்று மாற்றாகாத இரு தொகுதிகளாக டாட் நெட் நிரலகத்தில் இன்றும் அருகருகே உள்ளன. 2005 இல் டாட் நெட்டுக்கு மூன்றே வயது என்பதால் அவ்விலை சிறியதாக இருந்தது. ஜாவாவுக்கோ அதற்குள் எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிரல்கள் குவிந்திருந்தன. அவற்றை எழுதியோர் சன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. எந்த நிரலகம் முதலில் மாற வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண இயலாத நிலையில், எவரும் மாறாமலேயே இயங்கும் வழி தெரிவு செய்யப்பட்டது.

பிற மொழிகள்

மொழிகளை வரவேற்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது சிஎல்ஆர். எனினும் ஸ்காலா, குளோஜர், குரூவி, கோட்லின் எனப் புகழ்பெற்ற பல மொழிகள் முதலில் ஜேவிஎம் மீதே எழுந்தன. ஜாவாவின் பெரும் நிரலகமும் பல தளங்களில் அது கிடைத்ததும் இதற்கு முதன்மைக் காரணங்கள். மற்றொன்றும் உண்டு: தரவினங்கள் நீக்கப்பட்ட சூழலில், புதிய மொழி தனக்குரிய தரவின முறையை விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். சிஎல்ஆரிலோ இயக்கச்சூழலின் தரவின முறையுடன் மொழி ஒத்துப்போக வேண்டும். ஸ்காலாவின் டாட் நெட் வடிவம் சில காலம் பேணப்பட்டுப் பின் கைவிடப்பட்டது.

ஜிம் ஹியூகுனின் 1997 இல் பைத்தான் மொழியை ஜேவிஎம் மீது இயக்கும் ஜேபைத்தானை உருவாக்கினார். அது பின்னர் ஜைத்தான் எனப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளின் பின், இத்தகைய இயங்குநிலை மொழிகளுக்கு டாட் நெட் ஏன் பொருந்தாது என விளக்கும் கட்டுரை எழுதும் எண்ணத்துடன் பைத்தானை அதன் மீது அமைத்துப் பார்த்தார். எதிர்பார்த்ததற்கு மாறாக அது விரைவாக இயங்கியது. அம்முயற்சியே அயர்ன்பைத்தான் ஆயிற்று. இத்தகைய மொழிகளுக்காக ஜேவிஎம்மில் இன்வோக்டைனமிக் என்ற கட்டளை 2011 இல் 7 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதனால் மிகுதியும் பயனடைந்தது ஜாவாவே. 2014 இல் வந்த 8 ஆம் பதிப்பின் லாம்டா கோவைகள் அக்கட்டளையைக் கொண்டே அமைக்கப்பட்டன.

ஒரு செயற்கூறு தனது இறுதிப் படியாக மற்றொன்றை அழைக்கும்போது தனது அடுக்கிடத்தை விட்டுக்கொடுக்கும் வசதி பொது இடைநிலை மொழியில் தொடக்கம் முதல் உள்ளது. எஃப் சார்ப் மொழி அதனைப் பயன்படுத்துகிறது. ஜேவிஎம்மில் அது இல்லை. ஆதலால் குளோஜர் மொழியில் நிரலாளர் ரிகர் என்ற சொல்லை வெளிப்படையாக எழுத வேண்டியுள்ளது.

இயங்கும் வேகம்

ஜாவா மெதுவானது என்ற பெயர் அதன் வரிமொழிமாற்றிக் காலத்தில் ஏற்பட்டது. 1999 இல் வெளிவந்த ஹாட்ஸ்பாட் இயந்திரம், நிரலை முதலில் வரிமொழிமாற்றியால் இயக்கி, மிகுதியாக இயங்கும் பகுதிகளை அடையாளங்கண்டு அவற்றை மட்டும் தீவிரமாகச் செம்மைப்படுத்தியது. இதன் நுட்பங்கள் செல்ஃப், ஸ்ட்ராங்டாக் ஆகிய மொழிகளுக்கான ஆய்வுகளில் தோன்றியவை.

ஹாட்ஸ்பாட் ஊகங்களைத் துணிந்து மேற்கொள்ளும். வடிவம் என்ற வகுப்பின்கீழ் வட்டம் மட்டுமே இதுவரை ஏற்றப்பட்டிருப்பின், பரப்பளவு காணும் அழைப்பு எப்போதும் வட்டத்தையே சேரும் எனக் கொண்டு, அந்நிரலை அழைக்குமிடத்திலேயே பதித்துவிடும். பின்னர் சதுரம் ஏற்றப்பட்டால், ஆக்கிய இயந்திர நிரலைக் கைவிட்டு மீண்டும் தொடங்கும். சிஎல்ஆரில் வரிமொழிமாற்றி இல்லை. 2019 வரை இயல்பாக, செயற்கூறு முதன்முறை அழைக்கப்பட்டபோதே தொகுக்கப்பட்டது, அந்நிரலே இறுதிவரை நின்றது. சி சார்ப் மொழியில் செயற்கூறுகள் இயல்பாக மீறப்பட இயலாதவை என்பதாலும், மதிப்பு இனங்கள் இருந்ததாலும் ஊகத்தின் தேவை குறைவாக இருந்தது. 2019 இல் டாட் நெட் கோர் 3.0 பதிப்பில் படிநிலைத் தொகுப்பு இயல்பாக்கப்பட்டதுடன் சிஎல்ஆரும் ஹாட்ஸ்பாட்டின் வழிக்கு நெருங்கியது. எதிர்த்திசையில், மதிப்பு இனங்களை ஜாவாவுக்குக் கொண்டுவரும் வல்ஹல்லா திட்டம் 2014 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் கோப்பில் இடமளிக்கப்பட்ட ஒன்றையும் பின்னர் சேர்க்கப்படும் ஒன்றையும் ஒப்பிட, அத்திட்டம் எடுத்துக்கொண்ட காலமே போதுமானது.

குப்பை சேகரிப்பில் ஜேவிஎம் பல சேகரிப்பிகளைத் தெரிவுக்கு அளிக்கிறது. 2017 முதல் ஜி1 இயல்பானது. நிறுத்தநேரம் மிகக் குறைந்த இசட்ஜிசி 2020 இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. சிஎல்ஆரில் மூன்று தலைமுறைகள் கொண்ட ஒரே சேகரிப்பி உள்ளது. 85,000 பைட்டுகளோ அதற்கு மேலோ கொண்ட பொருள்கள் தனிக் குவியலில் வைக்கப்படுகின்றன.

தமிழ் உரை

இரு சூழல்களும் உரையை ஒருங்குறியின் 16 பிட் அலகுகளாகக் கருதுகின்றன. இதனால் தொடக்கம் முதலே தனி எழுத்துருக் குறியேற்றங்களின்றித் தமிழ் உரையைக் கையாளும் அடிப்படை இவற்றில் இருந்தது. தமிழ் என்ற சொல்லின் நீளம் இரண்டிலும் 5 எனவே கிடைக்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்பவை அவ்வலகுகள். மூன்று எழுத்துகளை எதிர்பார்த்து எழுதப்படும் நிரல்கள் இங்கே தவறிழைக்கும். ஜாவா வகுப்புக் கோப்பில் இச்சொல் 15 பைட்டுகளும், சிஎல்ஆர் கோப்பில் 10 பைட்டுகளும் கொள்ளும். முன்னையது எழுத்துக்கு மூன்று பைட்டு எடுக்கும் யுடிஎஃப்-8 முறையின் ஒரு வடிவத்தையும், பின்னையது யுடிஎஃப்-16 முறையையும் பயன்படுத்துவதே காரணம். 2019 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 16 பிட் எல்லைக்கு அப்பால் உள்ளமையால், இரண்டு சூழல்களிலும் அவை ஒவ்வொன்றும் இரண்டு அலகுகளாக எண்ணப்படும்.

கைபேசிகளும் முன்தொகுப்பும்

ஆண்ட்ராய்டு இயங்குதளம் ஜாவா மொழியை ஏற்றது. ஆனால் ஜேவிஎம்மை ஏற்கவில்லை. பைட்கோடு மீண்டும் மாற்றப்பட்டு, பதிவக முறையில் அமைந்த டால்விக் இயந்திரத்தில் இயங்கியது. 2014 இல் அதனிடத்தை ஏஆர்டி பெற்றது. ஆண்ட்ராய்டு குறித்து ஆரக்கிள் தொடுத்த வழக்கு 2010 இல் தொடங்கி, 2021 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகுளின் பயன்பாடு நியாயமானதே எனத் தீர்ப்பளித்ததுடன் முடிவுற்றது.

ஆப்பிளின் ஐபோன்களில் செயலிகள் இயங்கும் நேரத்தில் இயந்திர நிரலை ஆக்குவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகையால் அங்கு நிரல் முழுவதும் முன்னரே தொகுக்கப்பட வேண்டும். விளையாட்டு உருவாக்கத்திற்கான யூனிட்டி மென்பொருள், இடைநிலை மொழியை சி++ ஆக மாற்றும் முறையைக் கையாள்கிறது. ஜேவிஎம் நிரல்களுக்குக் கிரால்விஎம் திட்டமும், டாட் நெட்டுக்கு 2022 இல் வந்த 7 ஆம் பதிப்பும் முன்தொகுப்பை வழங்குகின்றன. தொடங்கும் நேரமும் நினைவகமும் குறைவது இதன் பயன். ஜாவா நிரல், பெயரைக் கொண்டு வகுப்புகளைத் தேடி எடுப்பதாயின், அவ்வகுப்புகளைத் தொகுப்பிக்கு முன்கூட்டியே பட்டியலிட்டுத் தர வேண்டும். டாட் நெட்டில் இடர் வேறிடத்தில் உள்ளது: மதிப்பு இனம் ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திர நிரல் தேவை என்பதால், தொகுப்பி காணத் தவறிய ஒரு பொதுமை இனச் சேர்க்கை, நிரல் பயனரின் கையில் இயங்கும்போதுதான் பிழையாக வெளிப்படலாம்.